களனிப் பக்கத்து ஓயாக்களில் மர அடைப்பைத் திறப்பது எப்படி

மழை ஓய்ந்து தண்ணீர் தணிந்ததும் வள்ளத்தை இறக்கினால், போன முறை நேராகப் போன வளைவில் இந்த முறை ஒரு மூங்கில் குத்து வேரோடு சாய்ந்து கிடக்கும். அதன்மேல் மருதங்கொப்பு, தென்னோலை, வாழைக்குற்றி, சொப்பிங் பை, போத்தல், சில வேளை ஒரு பழைய மெத்தை. தண்ணீர் அடியால் போய்க்கொண்டே இருக்கும், வள்ளம் போகாது. ஹங்வெல்லைப் பக்கம் களனி கங்கையில் வந்து சேரும் புஸ்வெலி ஓயா, வக் ஓயா, அவிசாவளையில் சீதாவக்க கங்கை, வடக்கே அத்தனகலு ஓயா, தெற்கே பொல்கொட வாவிக்குள் விழும் சின்ன ஓடைகள் என்று கொழும்பிலிருந்து காலையில் போய்த் திரும்பக்கூடிய எல்லா ஒடுக்கமான நீர்வழிகளிலும் இதுதான் கதை. ஆறு முதல் எட்டுப் பேர், மோட்டார் இல்லாத கைக் கருவிகள், ஒரு காலைப் பொழுது: இவற்றைக் கொண்டு செய்யக்கூடிய வேலையை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

திறக்க வேண்டியது ஒரு வள்ளம் போகும் வழி மட்டுமே. இரண்டு மீற்றர் அகலம் போதும். மீதி மரம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். விழுந்த மரத்தின் நிழலில்தான் மீன் ஒதுங்குகிறது, மீன்கொத்தி குந்துகிறது, கபரகொய்யா வெயில் காய்கிறது. கரைக்கும் அது காவல். முழு அடைப்பையும் பிடுங்கினால் இதுவரை அதில் முட்டி வேகம் குறைந்த நீர் நேராகக் கரை மண்ணில் போய் மோதும். மணல் அகழ்ந்து அடி குடைந்துபோன களனிக் கரைகளில், அடுத்த வெள்ளத்துக்கு இன்னும் இரண்டு மூங்கில் குத்து சாய்வதற்கு அதுவே காரணமாகும். வேர் இன்னும் கரையில் பிடித்து உயிரோடிருக்கும் மரத்தைத் தொட வேண்டாம். வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொப்பை மட்டும் தறியுங்கள்.

எப்போது இறங்கலாம்

சனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையே நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காலை வானம் வெளுத்திருந்தாலும் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடிமின்னலோடு கொட்டும். ஆகவே எந்த மாதமானாலும் காலை ஆறரைக்கு ஆற்றங்கரையில் நிற்பதும், பகல் பன்னிரண்டுக்கு முன் எல்லோரும் கரையேறுவதும் வழக்கமாக இருக்கட்டும்.

கொழும்பில் மழை பெய்யாததை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. களனி சுமார் 145 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு; சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பெய்த மழை பல மணி நேரம் கழித்துத்தான் கீழே தெரியும். அதோடு மேலே காசல்றீ, மவுசாகலை, லக்ஷபான, பொல்பிட்டிய என்று அணைகளும் மின்நிலையங்களும் இருக்கின்றன. பொல்பிட்டியவில் நீர் திறந்தால் வெயிலடிக்கும் நாளிலும் கித்துல்கல பக்கம் மட்டம் ஏறும். நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி ஆகிய அளவுநிலையங்களின் மட்டத்தை வெளியிடுகிறது. முதல்நாள் இரவும் புறப்படும் காலையும் பாருங்கள். நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். மரவேலைக்கு இந்த எண்களுக்குக் கிட்டவே போகக் கூடாது. எண் எதுவாயிருந்தாலும் மேலே ஹங்வெல்லையில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் அன்றைய வேலையை விட்டுவிடுங்கள். 2016 மேயிலும் 2025 நவம்பர் கடைசியிலும் வந்தது போன்ற வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்தபின் இன்னும் இரண்டு கிழமை பொறுப்பது நல்லது. ஊறிய கரை அதற்குள்தான் இடிந்து விழும்.

இடத்துக்குப் போனதும் ஓட்டத்தை அளந்து பாருங்கள். கரையில் 10 மீற்றர் தூரத்தைக் காலால் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். நடு ஓட்டத்தில் ஒரு குரும்பையை எறிந்து நேரம் பாருங்கள். இருபது செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால், அதாவது செக்கனுக்கு அரை மீற்றருக்குள் என்றால், முழங்கால் ஆழம் வரை இறங்கி வேலை செய்யலாம். பத்துக்கும் இருபதுக்கும் இடையில் என்றால் கரையிலிருந்து கொக்கத்தடியாலும் கயிற்றாலும் மட்டும். பத்துச் செக்கனுக்குள் குரும்பை ஓடிவிட்டால் படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. 4 மீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கட்டை ஒன்று ஓட்டத்துக்குக் குறுக்காகக் கிடக்கிறது என்று வையுங்கள்: செக்கனுக்கு 1 மீற்றர் ஓட்டம் அதை ஏறக்குறைய 70 கிலோ பாரத்தோடு அழுத்தும், 2 மீற்றர் ஓட்டம் 280 கிலோவுக்குக் கிட்ட. அந்தக் கட்டைக்கும் வள்ளத்துக்கும் இடையில் ஒரு கால் அகப்பட்டால் இழுத்தெடுக்க எத்தனை பேர் வேண்டுமென்று இதிலிருந்தே தெரியும்.

யாரிடம் சொல்வது

நகரத்துக் கால்வாய்கள், அதாவது வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனைக் கால்வாய்களும் தியவன்னா ஓயாவும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில். களனியும் அதன் வெள்ள அணைகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். பெல்லன்வில–அத்திடிய, முத்துராஜவெல போன்ற சரணாலயங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கொப்புக்கூட வெட்ட முடியாது. வேறு இடங்களில் அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தருக்குத் திகதியோடு ஒரு கடிதம் கொடுங்கள், பொலிசுக்கும் பிரதி. கத்தி, வாள் சகிதம் எட்டுப் பேர் ஓயாவுக்குள் நிற்பதைப் பார்த்த ஊரார் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். விழுந்து கிடப்பது பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் இன்னும் கவனம்: அவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. விழுந்த மரத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று எண்ணியே நடவுங்கள். சங்கிலி வாளைக் கொண்டுவர வேண்டாம். அதற்குப் பதிவு வேண்டும் என்பது ஒருபுறம். வழுக்கும் கட்டையில், முழங்காலளவு நீரில் அது கையாளக்கூடிய கருவியே அல்ல.

இரண்டு இடங்களை நீங்களாகத் தொடாதீர்கள். பாலத் தூணில் சிக்கிய அடைப்பு ஒன்று. வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கோ பிரதேச சபைக்கோ அறிவியுங்கள். மற்றது நீர் உறிஞ்சும் வாய்ப் பக்கம். அம்பத்தளையில் கொழும்பின் குடிநீர் எடுக்கப்படுகிறது. அங்கே கலக்கும் சேறு எல்லோர் வீட்டுக் குழாய்க்கும் போகும்.

ஊரில் ஒரு தோணிக்காரரோ மீன்பிடிக்கிறவரோ இருப்பார். அவரிடம் முதலில் பேசுங்கள். எந்த வளைவில் மணல் அகழ்ந்த குழி இருக்கிறது, எங்கே முதலை தெரிந்தது, தோணித்துறைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் எந்த வரைபடமும் சொல்லாது. பொல்கொடவிலும் தியவன்னாவிலும் களனி முகத்துவாரப் பக்கத்திலும் முதலை இருக்கிறது. அவர் “இந்தக் கிழமை கண்டது” என்றால் நீரில் இறங்கும் வேலை இல்லை.

ஆட்களும் சாமானும்

ஆறு பேருக்குக் குறைந்தால் வேலை தொடங்கக் கூடாது. ஒருவர் தலைவர்; அவர் கருவியைத் தொடமாட்டார், பார்த்துக்கொண்டு நிற்பார். இருவர் வெட்டுவார்கள். ஒருவர் கயிறு. ஒருவர் அடைப்புக்கு மேலே 50 முதல் 100 மீற்றர் தள்ளி நின்று மிதந்து வரும் கட்டையையும் வேறு வள்ளங்களையும் பார்த்து விசில் ஊதுவார். ஆறாமவர் அடைப்புக்குக் கீழே 10, 15 மீற்றரில் எறிகயிற்றோடு நிற்பார். அவர் ஒருபோதும் “கொஞ்சம் வந்து பிடி” என்ற கூப்பாட்டுக்கு இடம் விட்டு நகரக் கூடாது. விபத்து நடப்பது அவர் நகர்ந்த அந்த இரண்டு நிமிடத்தில்தான். ஏழாவது, எட்டாவது ஆட்கள் இருந்தால் வெட்டியதைக் கரைக்கு இழுக்கட்டும்.

ஒவ்வொருவருக்கும் வார் இறுக்கிய லைஃப் ஜாக்கெட், ஹெல்மட், விசில், தோல் கையுறை, விரலை மூடும் சப்பாத்து. இறப்பர் செருப்பு சேற்றில் உருவிக்கொண்டு போகும். பிறகு உடைந்த போத்தலில் வெறுங்கால். ஜாக்கெட்டின் தோள்வாரைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்: காதைத் தாண்டி ஏறினால் அது அந்த ஆளுக்கு அளவில்லை. கால்சட்டைப் பையில் அல்ல, ஜாக்கெட்டின் முன்பக்கம் ஒரு கையால் உருவக்கூடிய மொட்டை நுனிக் கத்தி. கயிறு சுற்றினால் அறுக்க அதுதான்.

வெட்டுவதற்கு 60 சென்ரிமீற்றர் வில்வாள் இரண்டு, மடக்கு வாள் இரண்டு, மன்னாக் கத்தி ஒன்று. நீரில் நின்று கோடாரி வீசக் கூடாது; நீரில் பட்டுத் தெறிக்கும் கோடாரி எங்கே போகுமென்று வீசியவருக்கே தெரியாது. அலவாங்கு ஒன்று, நான்கு மீற்றர்க் கொக்கத்தடி இரண்டு. கொக்கத்தடியில் கத்தியைக் கழற்றிவிட்டு இரும்புக் கொக்கி மட்டும் மாட்டுங்கள்.

கயிறு இரண்டு வகை. எறிகயிறு 15 முதல் 20 மீற்றர், 8 மில்லிமீற்றர், மிதக்கும் பொலிப்புரோப்பிலீன், பைக்குள் குலையாமல் அடைத்தது. இது ஆளுக்கு மட்டும். மரம் இழுக்க இதைத் தொடக் கூடாது. இழுகயிறு 30 மீற்றர், 11 மில்லிமீற்றர், நீட்சி குறைந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண நைலோன் கயிறு இழுக்க இழுக்க நீளும்; அறுந்தால் சேர்த்துவைத்த அத்தனை விசையோடும் திரும்பி முகத்தில் அறையும். பட்டி நாடா மூன்று, பூட்டுள்ள கராபினர் (கயிறு மாட்டும் உலோக வளையம்) ஐந்து, கப்பி இரண்டு, வெறும் சாக்கு நான்கு.

வள்ளத்தைப் பொறுத்தவரை, மேலே அமர்ந்து வலிக்கும் மூன்று, மூன்றரை மீற்றர் பிளாஸ்டிக் கயாக்தான் இந்த வேலைக்கு வசதி. நினைத்த உடனே இறங்கலாம், கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் தங்காது. முன்னால் தொங்கும் கயிறுகளையெல்லாம் வேலைக்கு முன் சுருட்டிக் கட்டிவிடுங்கள். ஃபைபர் வள்ளத்தைக் கட்டைக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

அடைப்பை எப்படிப் பார்ப்பது

அடைப்புக்கு 30 மீற்றர் மேலேயே கரை ஒதுங்கி வள்ளத்தைத் தூக்கி வையுங்கள். அங்கிருந்து கரையால் நடந்து, அடைப்பைத் தாண்டி, கீழ்ப்பக்கத்திலிருந்து திரும்பிப் பாருங்கள். நீர் வரும் மேற்பக்கத்திலிருந்து பார்த்தால் மேலே கிடக்கும் குப்பைதான் தெரியும். கீழேயிருந்து பார்க்கும்போதுதான் நீர் எந்தத் துவாரத்தால் பீறிக்கொண்டு வருகிறது, எது எதைத் தாங்குகிறது என்பது தெரியும்.

ஏறக்குறைய எல்லா அடைப்பிலும் ஒரு பூட்டுக் கட்டை உண்டு. முதலில் விழுந்து, இரு கரையிலோ ஒரு கரையிலும் ஆற்றின் நடுவிலிருக்கும் ஒரு கல்லிலுமோ முட்டி நின்ற மரம் அது. மற்றவை எல்லாம் அதில் சாய்ந்தவை. அதை அடையாளம் கண்டு ஒரு துண்டு சிவப்புத் துணி கட்டுங்கள். துணி கட்டிய கட்டையைத் தலைவர் சொல்லும்வரை எவரும் தொடக் கூடாது.

பிறகு கொக்கத்தடியால் மேற்பரப்பை மெல்லத் தட்டி ஐந்து நிமிடம் பொறுங்கள். மரத்தில் முசுறு எறும்புக் கூடு, இலைக்கடியில் குளவிக் கூடு, காய்ந்த ஓலைக்குள் பாம்பு, எல்லாம் வெள்ளத்தில் அடித்து வந்து இந்தத் தீவில்தான் ஏறியிருக்கும். மலைப்பாம்பு கிடந்தால் அது தானாகப் போகும் வரை விடுங்கள். தாழைக்கோழியோ வேறு நீர்ப்பறவையோ கூடு வைத்து முட்டையிட்டிருந்தால் அந்தப் பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தால் வழி திறக்கலாம். மின்கம்பி விழுந்து கிடந்தால், அறுந்ததா இல்லையா என்று ஆராயாமல் எல்லோரும் விலகி அந்தப் பகுதியின் மின்விநியோக நிறுவனத்துக்கு அழையுங்கள்.

மேற்பக்கத்தில் அகப்பட்டால்

இந்தப் பகுதியை எல்லோரும் கரையில் நின்று ஒரு தடவை செய்து பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். கொப்பும் மூங்கிலும் சேர்ந்த அடைப்பு ஒரு வடிதட்டு: நீர் ஊடே போகும், ஆள் போகமாட்டார். ஓட்டம் ஆளை அதில் ஒட்டிவைத்து அழுத்திக் கீழே இழுக்கும்.

வள்ளத்தோடு அடிபட்டுப் போனால் மனம் சொல்வது, மரத்திலிருந்து விலகிப் பின்னால் சாய் என்று. அப்படிச் சாய்ந்தால் வள்ளத்தின் மேற்பக்க விளிம்பு தாழும், நீர் அதில் ஏறும், ஒரு செக்கனில் கவிழ்ந்து வள்ளம் மேலே, நீங்கள் கீழே. செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. மரத்தின் பக்கமே சாயுங்கள். இரு கையாலும் கட்டையை அணைத்துப் பிடித்து, நெஞ்சை அதன்மேல் போட்டு, வள்ளத்தின் மேற்பக்க விளிம்பை இடுப்பால் உயர்த்துங்கள். வள்ளம் நிலைத்ததும் கட்டைமேல் ஏறுங்கள். வள்ளம் போனால் போகட்டும்.

வள்ளமில்லாமல் நீந்திக்கொண்டு அடிபட்டுப் போனால், வழமையான வெள்ளத்தில் சொல்வதுபோல் காலை முன்னே நீட்டி மல்லாக்கக் கிடக்கக் கூடாது. கால் முதலில் போனால் கொப்புக்கடியில் நுழையும், மற்ற உடம்பும் பின்னால் நுழையும். குப்புறத் திரும்பி, தலை முன்னே, அடைப்பை நோக்கியே வேகமாக நீந்தி, தொட்ட உடனே கையை ஊன்றி உடம்பை மேலே எறியுங்கள். கரைச்சுவரில் ஏறுவதுபோல. இதைப் பழக ஓட்டமில்லாத ஆழ நீரில் ஒரு கட்டையை இரு பக்கமும் கட்டி மிதக்கவிட்டு, ஒவ்வொருவரும் மூன்று தடவை நீந்தி வந்து ஏறிப் பார்க்கலாம். முதல் தடவை பலருக்கு வயிறு கட்டையில் இடித்து நின்றுவிடும். காலை உதைத்து மேலெழும்பினால்தான் ஏற முடியும் என்பது அப்போது உடம்புக்கே விளங்கும்.

எறிகயிறு எறிகிறவர் முதலில் “கயிறு” என்று கத்தி, ஆள் திரும்பிப் பார்த்த பிறகு, அவர் தலையைத் தாண்டிக் கயிறு தோளில் விழும்படி எறிய வேண்டும். பிடித்தவர் கயிற்றைக் கையில் சுற்றாமல் நெஞ்சோடு பிடித்து, தோளுக்கு மேலால் விட்டு, மல்லாக்கக் கிடப்பார். கயிற்றை எவர் உடம்பிலும் கட்டக் கூடாது. இந்த ஒரு விதிக்கு விலக்கே இல்லை.

விசில்: ஒன்று என்றால் எல்லாக் கருவியும் நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள். மூன்று என்றால் ஆபத்து. 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழைக்கும்போது சொல்ல, வாகனம் வந்து நிற்கக்கூடிய வீதிப் பெயரைத் தலைவர் காலையிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

வெட்டும் ஒழுங்கு

எப்போதும் கீழ்ப்பக்கத்தில் அல்லது ஓரத்தில் நின்று வேலை செய்யுங்கள். மேற்பக்கத்தில், ஓட்டத்துக்கும் மரத்துக்கும் இடையில், எவரும் நிற்கக் கூடாது; ஒரு நிமிடத்துக்குக்கூட. ஆனால் கீழ்ப்பக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு: அடைப்பு அசைந்தால் அது வருவது உங்கள் மேல். ஆகவே நடுவில் நிற்காமல் கரையோரமாக, ஒதுங்குவதற்கு இரண்டு எட்டு இடம் வைத்து நில்லுங்கள்.

முதலில் பொலித்தீன், போத்தல், ஓலை, வாழைக்குற்றி. இவற்றைக் கொக்கத்தடியால் இழுத்துச் சாக்கில் போடுங்கள். இதிலேயே ஒரு மணித்தியாலம் போகும், அலுப்பாகவும் இருக்கும். ஆனால் குப்பை போனதும் நீர் இடைவெளிகளால் போகத் தொடங்கி, அடைப்பின் மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் குறையும், அழுத்தமும் குறையும். அந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள்தான் பிறகு வாளை மரத்துக்குள் இறுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்து தளர்ந்த கொப்புகள், பிறகு இறுகிய கொப்புகள். வளைந்து நிற்கும் கொப்பு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நெரிபட்டிருக்கும், மறுபக்கம் இழுபட்டிருக்கும். வில்லை நினைத்துப் பாருங்கள்: உட்குழிவு நெரிபடும் பக்கம், வெளிவளைவு இழுபடும் பக்கம். முதல் வெட்டு நெரிபடும் பக்கத்தில், தடிப்பில் கால்பங்கு மட்டும். அதற்குமேல் போனால் வாள் சிக்கும். பிறகு இழுபடும் பக்கத்தில் மெதுவாக. “டிக்” என்ற சத்தம் கேட்டதும் வாளை எடுத்துவிட்டு ஒதுங்குங்கள். மீதியைக் கொப்பு தானே முறித்துக்கொள்ளும். இழுபடும் பக்கத்தில் முதலில் ஆழமாக வெட்டினால் கொப்பு நெடுக்காகக் கிழிந்து தெறிக்கும். முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்.

மூங்கில் தனி விடயம். களனிப் பக்கம் பாதிக்கு மேல் அடைப்பு மூங்கில்தான் என்பதால் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். சாய்ந்த குத்தில் முப்பது, நாற்பது தடி ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருக்கும். ஒன்றை வெட்டினால் நான்கு அசையும். நுனிப்பக்கத்தில் தளர்வானதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக. வெட்டப்போகும் இடத்துக்கு ஒரு சாண் இருபுறமும் கயிற்றால் நான்கு சுற்று இறுக்கிக் கட்டினால் பிளவு ஓடாது. கணுவுக்கு அடுத்தாற்போல் அறுங்கள், கணுவிடையில் அறுத்தால் விளிம்பு கத்திபோல நிற்கும். சரிவாக வெட்டிய கூர் முனையை ஒருபோதும் விட்டுப் போகாதீர்கள். அடுத்த மாதம் மட்டம் ஏறும்போது அது நீருக்கடியில் ஈட்டி. இன்னொன்று: மூங்கில் உள்ளே வெறுமை. நீருக்கடியில் அமுங்கியிருந்த தடி விடுபட்டதும் செங்குத்தாக மேலே பாயும். வெட்டும் தடிக்கு நேர் மேலே குனிந்து நிற்காதீர்கள்.

வேர்ப்பந்தோடு சாய்ந்த பெரிய மரத்தில், தண்டை அறுத்ததும் வேர்ப்பந்து பழைய குழிக்குள் நிமிர்ந்து உட்காரும். அந்தக் குழிக்குள் ஆளோ சாமானோ இருக்கக் கூடாது.

இழுப்பது

ஊறிய கட்டையின் பாரத்தை முதலில் கணக்கிடுங்கள். 30 சென்ரிமீற்றர் தடிப்புள்ளது ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 70 கிலோ. ஆகவே இரண்டு பேர் தூக்க வேண்டுமென்றால் 60 சென்ரிமீற்றர்த் துண்டாக அறுக்க வேண்டும். 15 சென்ரிமீற்றர்க் கொப்பென்றால் இரண்டு மீற்றர்த் துண்டுகூடச் சமாளிக்கலாம்.

பூட்டுக் கட்டையை அறுக்காமல் திருப்பிவிட முடிந்தால் அதுவே நல்லது. மெல்லிய நுனியில் நாடா மாட்டி, கரைப்பக்கமாகவும் சற்றுக் கீழாகவும், ஓட்டத்துக்கு 30 முதல் 45 பாகை சாய்வில் இழுங்கள். ஓட்டமே பாதி வேலையைச் செய்து கட்டையைக் கதவுபோலக் கரையோரம் திருப்பும். ஓட்டத்துக்கு எதிராக இழுக்கக் கூடாது. கரையில் இழுகயிற்றைத் தாங்கும் பிடிமரத்துக்கு 30 சென்ரிமீற்றராவது தடிப்புள்ள, நிமிர்ந்த மரம் வேண்டும். ஆற்றுப்பக்கம் சாய்ந்த தென்னை உதவாது. பட்டை உரியாமல் இருக்கச் சாக்கைச் சுற்றி, நாடாவை நிலத்துக்குக் கிட்டக் கட்டுங்கள்.

இரண்டு கப்பி வைத்து மூன்று மடங்கு இழுவை கட்டினால் நான்கு பேரின் 100 கிலோ இழுப்பு கணக்குப்படி 300 ஆகும். உராய்வு போக 200 கிடைத்தாலே போதும். கயிறு விறைத்ததும் அதன் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். அறுந்தால் கயிறு தெறிக்காமல் அது கீழே அமுக்கும். கயிற்றின் நேர்கோட்டிலும் அது வளையும் மூலைக்கு உட்பக்கத்திலும் எவரும் நிற்கக் கூடாது. பத்து நிமிடம் இழுத்தும் அசையவில்லை என்றால் ஆள் கூட்டாதீர்கள். எதிலோ இன்னும் பூட்டியிருக்கிறது. தளர்த்திவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

வெட்டிய துண்டைத் தண்ணீரில் விட்டு அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கொழும்புப் பக்கத்தில் அது அடுத்த பாலத்தடியிலோ மதகிலோ போய் நின்று யாரோ ஒருவர் வீட்டுக்குள் வெள்ளம் ஏறக் காரணமாகும். எல்லாத் துண்டும் கரை ஏற வேண்டும். கரையில் தெரியும் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே, ஓட்டத்துக்கு இணையாக அடுக்கி, இரண்டு முளை அடித்து வையுங்கள். ஊரார் விறகுக்குக் கேட்டால் கொடுக்கலாம். குப்பைச் சாக்குகளை ஏற்ற மாநகர சபை அல்லது பிரதேச சபை உழவு இயந்திரத்தை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், ஒரு மழையில் அவை திரும்ப ஆற்றுக்குள் போகா.

ஆகாயத்தாமரை

கால்வாய்களிலும் தியவன்னாவிலும் மரத்தைவிட இதுதான் அடைக்கும். சிங்களத்தில் ஜப்பான் ஜபர என்பார்கள். இதைத் தடுக்க 1909இலேயே இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. நெருங்கி வளர்ந்த ஒரு சதுர மீற்றர் 20, 30 கிலோவைத் தாண்டும். பாயை வள்ளத்தால் இடித்து நுழையாதீர்கள். நடுவில் அகப்பட்டால் துடுப்பு வலிக்கவும் முடியாது, இறங்கி நடக்கவும் முடியாது. ஓரத்திலிருந்து பழைய வாளால் இரண்டு மீற்றர்ச் சதுரங்களாக அறுத்து, மிதக்கும் கயிறு சுற்றி, கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போடுங்கள், வேர் மேலே பார்க்க. நீரோரத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி. உடைந்த சிறு துண்டும் திரும்ப முளைக்கும் என்பதால், கீழே ஒரு ஆள் வலைக்கூடையோடு நின்று மிதந்து வருவதை அள்ள வேண்டும். வள்ளத்தின் அடியையும் கயிற்றையும் அங்கேயே கழுவிவிட்டுப் புறப்படுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஓயாவுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்.

எலிக்காய்ச்சல்

எலிச் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலின் சிறு கீறலால் நோயைக் கொடுக்கும். வயலில் இறங்கும் விவசாயிகளுக்குக் கொடுப்பதுபோல, வாரத்துக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் முன்கூட்டியே எடுப்பது இங்கே வழக்கம். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு கிழமைக்கு முன்னரே போய்க் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அந்த மருந்தை எடுக்கக் கூடாது, இந்த வேலைக்கும் வரக் கூடாது. காலில் புண் உள்ளவர் அன்று கரையில் நின்று சாக்குக் கட்டட்டும். ஏற்பு ஊசி போட்டு பத்து வருடம் கடந்திருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து எடுத்திருந்தாலும் சரி, அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தசைநோவு, குறிப்பாகக் கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், டெங்கு என்று எண்ணிப் பரிசோதிக்கும் வைத்தியரிடம், எந்தத் திகதியில் எந்த ஓயாவில் இறங்கினீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அன்று வந்த அத்தனை பேரின் தொலைபேசி இலக்கமும் தலைவரிடம் இருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்ற எல்லோருக்கும் அன்று மாலைக்குள் தகவல் போய்ச் சேர வேண்டும்.